தெற்கு பிரான்ஸுக்கு நாங்கள் கொண்டுபோன பைகள்

ஒரு டிசம்பர் ஞாயிறு. சிங்கப்பூரின் சாங்கி படகுத்துறையில் பம்போட் என்ற சிறு படகில் சைக்கிள்களை ஏற்றி, மலேசியாவின் பெங்கெராங்கில் இறங்கி, நானும் என் கணவரும் தேசாரு கடற்கரையை நோக்கி மிதித்துக்கொண்டிருந்தோம். பாதி வழியில் மழை கொட்டத் தொடங்கியது. அப்போது எங்களிடம் இருந்தவை, சைக்கிள் கேரியரின் இரு பக்கமும் மாட்ட இணையத்தில் மலிவாக வாங்கிய துணிப் பைகள். மேலே போர்த்த ஒரு மழையுறையும் கூடவே வந்திருந்தது. அந்த உறை காற்றில் உப்பிப் பறந்து செம்பனைத் தோப்புக்குள் போய்விட்டது. விடுதியில் பையைத் திறந்தபோது மாற்றுத் துணி முழுவதும் ஊறிக் கிடந்தது. சிறு காகித உறையில் வைத்திருந்த அவருடைய இரத்த அழுத்த மாத்திரைகள் கூழாகியிருந்தன. ஐம்பது கிலோமீட்டர் பயணத்திலேயே இப்படி என்றால், மூன்று வாரம் தெற்கு பிரான்ஸில் என்ன ஆகும் என்று எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

ஊர் திரும்பியதும் ஓர்ட்லீப் நிறுவனத்தின் பேக்-ரோலர் கிளாசிக் பைகளில் இரண்டு ஜோடி வாங்கினோம். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஜோடி இருநூற்றைம்பது வெள்ளியைத் தாண்டியது. பைக்கு இவ்வளவா என்று நானே தயங்கினேன். இப்போது அந்தத் தயக்கம் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இது ஜெர்மன் நிறுவனம். ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்பவர் இங்கிலாந்தில் சைக்கிளில் சுற்றியபோது மழையில் நனைந்து, சரக்கு லாரிகளின் தார்ப்பாய்க்குள் பொருள்கள் உலர்ந்தே இருப்பதைக் கவனித்தாராம். அதே தார்ப்பாயில் முதல் பையைத் தைத்தார். 1982இல் நிறுவனம் பிறந்தது. இன்றும் பையைத் தொட்டுப் பார்த்தால் லாரித் தார்ப்பாயின் உறவு தெரியும். ஜிப் கிடையாது. வாயை மூன்று நான்கு முறை சுருட்டிக் கொக்கி மாட்டிவிட்டால் முடிந்தது. ஒரு பைக்கு 20 லிட்டர், ஜோடிக்கு 40. வெறும் பைகளின் எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

“முன் சக்கரத்துக்கும் ஒரு ஜோடி வாங்கிவிடலாம்” என்றார் அவர். வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கூடாரம் போட்டுத் தங்கப் போவதில்லை, சிறு விடுதிகளில்தான் தங்குகிறோம். ஆளுக்கு 40 லிட்டர் போதும். பை பெரிதாக இருந்தால் அதை நிரப்பவே கை துறுதுறுக்கும். ஒரு மாதம் முன்னதாகவே எல்லாவற்றையும் அடைத்து, நாங்கள் வசிக்கும் ஈசூனிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் வரை பூங்கா இணைப்புப் பாதைகளில் போய்வந்தோம். திரும்பியதும் எதைத் தொடவில்லையோ அதை எடுத்து அலமாரியில் வைத்தேன். மூன்றாவது ஞாயிறுக்குள் அவருடைய இரண்டாவது ஜோடிக் காலணியும் அலமாரிக்குப் போய்விட்டது.

வாங்கியவுடன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் இதைத் தவறவிடுகிறார்கள், நானும் தவறவிட்டேன். மேல்கொக்கிகள் தடிமனான கம்பிக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டவை. எங்கள் கேரியர் கம்பி 10 மில்லிமீட்டர்தான். கூட வரும் சிறு பிளாஸ்டிக் துண்டுகளைக் கொக்கிக்குள் செருகினால்தான் இறுகப் பிடிக்கும். அவற்றைத் தேவையில்லாத உதிரி என்று நினைத்து உறையோடு மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். முதல் ஓட்டத்தில் ஒவ்வொரு மேட்டிலும் பை ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டே வந்தது. துண்டுகளைச் செருகியதும் சத்தம் நின்றது. கால் நீளமானவர்களுக்கு இன்னொன்று: பெடல் சுற்றும்போது குதிகால் பையில் இடிக்கும். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, கொக்கிகளை நகர்த்திப் பையை இரண்டு விரல் பின்னால் தள்ளினார் அவர். பத்து நிமிட வேலை.

செப்டம்பரில் கிளம்பினோம். தூலூஸில் தொடங்கி, கனால் டு மிதி கால்வாயின் கரையோடு மத்தியதரைக் கடல்வரை, அங்கிருந்து கமார்க் சதுப்பு நிலத்தின் ஓரமாக ஆர்ல், கடைசியில் அவிஞோன். இந்தக் கால்வாயைப் பற்றி நான் படித்துப் படித்து வைத்திருந்தேன். பியேர்-போல் ரிக்கே என்பவர் 1666இல் இதை வெட்டத் தொடங்கினார், 1681இல் வேலை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. நீளம் 240 கிலோமீட்டர். 1996இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. தூலூஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் நோரூஸ் என்ற இடம் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர். நம் புக்கிட் தீமா குன்றையும்விட உயரம். ஆனால் தூலூஸிலிருந்து அங்கே ஏறுவது 57 மீட்டர் மட்டுமே என்பதால் ஏறியதே தெரியாது. அங்குள்ள ஓடை நீர் ஒரு பக்கம் அட்லாண்டிக்குக்கும் மறுபக்கம் மத்தியதரைக் கடலுக்கும் பிரிகிறது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்த நீரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

அதுவரை தார் போட்ட பாதை. அதற்கப்பால்தான் பைக்குச் சோதனை. நாங்கள் போனபோது பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான், நடுநடுவே கரையோர மரங்களின் வேர்கள் புடைத்துக்கொண்டிருந்தன. கரையோரத்தில் பிளேன் என்ற நிழல் மரங்கள் ஒருகாலத்தில் சுமார் 42,000 இருந்தன. பூஞ்சை நோய் ஒன்று 2006இல் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அவற்றை ஆயிரக்கணக்கில் வெட்டி வருகிறார்கள். நிழல் திடீரென முடிந்து மொட்டைக் கரை தொடங்கும் இடங்களில் மனம் கனத்தது. வேர்களில் ஏறி இறங்கி எலும்பே அதிர்ந்தது, ஆனால் நாள் முழுவதும் ஒரு பைகூடக் கழன்று விழவில்லை.

காஸ்டெல்நோதாரியிலிருந்து கார்காசோனுக்குப் போன நாள் காலையிலிருந்தே மழை. சேறு தெறித்துத் தெறித்து, மஞ்சள் பை மண்நிறமாகிவிட்டது. விடுதியில் மின்தூக்கி இல்லை. மூன்று மாடி, குறுகிய சுழல்படி. பையின் மேலுள்ள கைப்பிடியைத் தூக்கினால் கொக்கிகள் தாமாகவே திறந்துவிடும், இரண்டையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். குளியலறையில் வைத்துத் துடைத்தேன். சுருட்டிய மடிப்புகளுக்கிடையே தேங்கியிருந்த நீர் ஒரு கிண்ணம் அளவு தரையில் வழிந்தது. உள்ளேயும் இப்படித்தான் இருக்குமோ என்று பயந்துகொண்டே வாயைப் பிரித்தேன். மேலாக, ரசப்பொடிப் பொட்டலம் இருந்தது. புறப்படும் அன்று பழைய தமிழ் முரசுத் தாளில் மடித்துக் கட்டியது. பிரித்தபோது தாள் மொறமொறவென்று சத்தமிட்டது. எழுத்துகூடக் கலையவில்லை. அவர் மாத்திரைப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் ஆப்பிளும் பாலாடைக்கட்டியும் வாங்கித் திணித்து, வாயை ஒரு சுற்று மட்டும் சுருட்டி மூடினேன். அன்று பெய்த தூறலிலேயே மேலிருந்த சட்டைக் கை நனைந்தது. நிரப்பும் ஆசையில் சுருட்டுவதற்கான இடத்தைத் தின்றுவிடக்கூடாது. அங்கே தினமும் வாங்கும் முழநீள ரொட்டியைப் பைக்குள் வைக்கவும் முடியாது. கேரியரின் மேல் நீளவாக்கில் கட்டிக்கொண்டோம்.

பெசியேவுக்கு முன்னால் சரளையில் என் சைக்கிள் சறுக்கி, இடது பக்கமாகக் கற்கள்மேல் விழுந்தது. முழங்கையில் தோல் உரிந்தது. பையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் மட்டும், ஓட்டை இல்லை. ஆர்லிலிருந்து வடக்கே அவிஞோனுக்குப் போகும்போது மிஸ்ட்ரால் காற்று நேர் எதிரே அடித்தது. ரோன் பள்ளத்தாக்கு வழியாக வரும் அந்தக் காற்றில் தட்டையான சாலையே மலையேற்றமாகிவிடுகிறது. முன் சக்கரத்திலும் பைகள் இருந்திருந்தால் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது. அன்று மாலை அவரே, “நீ சொன்னது சரி” என்றார்.

யாருக்கு இது ஒத்துவராது? பல அறைகள் கேட்பவர்களுக்கு. இது ஒரே பெரிய குழி, அடியில் கிடக்கும் சாக்ஸுக்காக எல்லாவற்றையும் வெளியே எடுக்க நேரும். துணிகளை வண்ணவண்ணச் சிறு பைகளில் பிரித்து வைத்துச் சமாளித்தேன். நீரை வெளியே நிறுத்தும் பை உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது என்பதையும் நினைவில் வையுங்கள். துவைத்து உலராத துணியை உள்ளே போட்டால் மாலைக்குள் வாடை வந்துவிடும். வலைப்பையில் போட்டு மேலே கட்டிக்கொண்டால் ஓடும் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. நம் ஊர் வெக்கைக்கு இது இன்னும் அவசியம்.

இப்போது ஞாயிறுதோறும் என் ஜோடி தேக்கா சந்தைக்குப் போகிறது. ஒரு பக்கம் முருங்கைக்கீரையும் வெங்காயமும், மறுபக்கம் ஐஸ் போட்ட மீன். ஈசூன் வந்து சேர்வதற்குள் ஐஸ் உருகிவிடும், ஒரு சொட்டு வெளியே வராது. வீட்டுக்கு வந்ததும் சோப்புநீரில் கழுவி, கீழ்மேலாகத் தொங்கவிடுகிறேன். பெசியே கீறல் அப்படியே இருக்கிறது.