விலை இறங்கிய கிளாம்ப் மீட்டர்: வாங்கலாமா?

குடியாத்தத்தில் வயரிங் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே கிளாம்ப் மீட்டர் விலை இறங்கியிருக்கு, வாங்கிடவா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். கிளாம்ப் மீட்டர் என்பது ஒயரை வெட்டாமல், வாயைத் திறந்து அதைக் கவ்வி, ஓடும் கரண்டை அளக்கிற மீட்டர். ரேஞ்ச், டிஸ்ப்ளே, பேட்டரி எல்லாம் அவருக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

மோட்டார் வேலைக்கு இது அருமையான மீட்டர். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு போர் மோட்டார், காலையில் 225 வோல்ட்டில் 6.2 ஆம்பியர் எடுத்தது. கோடை மாலையில் தெரு முழுக்க ஏசி ஓட ஆரம்பித்து வோல்டேஜ் 185க்கு இறங்கியதும் அதே மோட்டார் 7.1 இழுத்தது. "வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் குறையணும் இல்ல?" என்றார் வீட்டுக்காரர். ஹீட்டராக இருந்தால் அவர் சொல்வது சரி. 1000 வாட் ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 53 ஓம். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர், 185ல் 3.5. ஓம் விதி அப்படியே நடக்கும். மோட்டாரில் அப்படியில்லை. தூக்க வேண்டிய தண்ணீரின் பாரம் குறையவே இல்லை; வோல்டேஜ் போதாமல் ரோட்டரின் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) வேகம் கொஞ்சம் விழும், பாரத்தைச் சமாளிக்கக் கூடுதல் கரண்ட் இழுக்கும். லோ வோல்டேஜில் காயில் எரிந்துபோவது இதனால்தான். வயரை மாட்டிய நிலையில் மீட்டரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். பார்த்துவிட்டு, லோ வோல்டேஜ் கட்-ஆஃப் போடச் சொன்னார்.

ஃபேன் கெப்பாசிட்டருக்கும் இதை நம்பலாம். 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 0.18 ஆம்பியர்தான் எடுக்கும், கிளாம்புக்கு அது ரொம்பச் சின்னது. வயரை மீட்டர் வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றினால் 1.8 என்று காட்டும், பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த கரண்ட் வோல்டேஜுக்கு 5 மில்லிசெகண்ட் முந்தி ஓடுவதால் அதில் வாட் கிட்டத்தட்ட இருக்காது என்பதை மட்டும் நினைவில் வைக்கணும்.

அப்புறம் எல்இடி வந்தது. என் கோபமெல்லாம் இங்கேதான்.

காட்பாடியில் ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர், எல்இடி லைட், சார்ஜர் எல்லாம் ஒரே லைனில், 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து லைனை நிறுத்தும் சுவிட்ச்). மதியமானால் விழுந்துவிடும். என் மீட்டர் 5.1 ஆம்பியர் என்கிறது, ஒயரைத் தொட்டால் கைக்குச் சூடு தெரிகிறது. நண்பரின் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரை (அலை எந்த வடிவில் இருந்தாலும் ஒயரைச் சூடாக்கும் கரண்டைச் சரியாகக் காட்டுகிற ரகம்) வாங்கி மாட்டினால் 7.4! எம்சிபியின் ரேட்டிங்கே 30 டிகிரி வெப்பத்துக்குத்தான். வேலூர் வெயிலில் தகர டப்பாவுக்குள் இருக்கும் எம்சிபி விழாமல் என்ன செய்யும்?

என் மீட்டர் கரண்டின் சராசரியை எடுத்து 1.11 ஆல் பெருக்கிக் காட்டுகிற ரகம். சீராக ஏறி இறங்குகிற சைன் அலைக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு பொருந்தும். எல்இடி டிரைவரிலும் (லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்) சார்ஜரிலும், கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடும் பின்னாலேயே கெப்பாசிட்டரும் இருக்கும். கெப்பாசிட்டரில் நிற்கும் வோல்டேஜை லைன் வோல்டேஜ் தாண்டும்போதுதான் டயோடு திறக்கும், அதாவது 230 வோல்ட் லைன் ஒவ்வொரு அலையிலும் தொடும் 325 வோல்ட் உச்சியை ஒட்டிய கொஞ்ச நேரம். மொத்தக் கரண்டும் அந்த நேரத்தில் பாய்ந்து நின்றுவிடுகிறது. ஒயரைச் சூடாக்குவது கரண்டின் வர்க்கம், அதனால் இந்தக் குறுகிய பாய்ச்சல் சராசரி காட்டுவதைவிட நிறையச் சுடும். மீட்டருக்கு அது தெரியாது. டப்பாவில் துல்லியம் 2 சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். சைன் அலைக்கு மட்டும் என்று ஒரு வரி கிடையாது. ஒயர் சைஸ் முடிவு செய்கிற ஒருவர் இதை நம்பினால் வீடு பற்றிக்கொள்ளும். இது சின்னக் குறை இல்லை.

இத்தனை நாளில் கீழே விழுந்தும், மழையில் நனைந்தும், மோட்டார் ரீடிங்கில் ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. ஆனாலும் தம்பி, வாங்காதே. இப்போது எந்த வீட்டில் ஹீட்டரும் மோட்டாரும் மட்டும் இருக்கிறது? கொஞ்சம் கூடப் போட்டு, ட்ரூ ஆர்எம்எஸ் என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்கு. இன்வெர்ட்டர், சோலார் வேலையும் எடுப்பதாக இருந்தால் டிசி ஆம்பியரும் காட்டுமா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடு. விலை குறைந்த கிளாம்பில் பெரும்பாலும் அது இருக்காது.