பாத்தி ஓரத்துக்குக் கருங்கல்லா, செங்கல்லா, சிமென்ட் கெர்ப் கல்லா?

பூச்செடிப் பாத்தியின் மண் நடைபாதையில் சரியாமல் இருக்க ஓரம் கட்டியே ஆக வேண்டும் என்ற நிலையில், சூலூர்ப் பக்கத்து எங்கள் வீட்டுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது கருங்கல். அதிலும் சிமென்ட் வைத்துக் கட்டாமல் மண்ணிலேயே பதிக்கும் சைஸ் கல், அதாவது ஏறக்குறைய ஒரே அளவில் உடைத்தெடுத்த கல். எனவே கருங்கல்லின் பக்கம் நான் சாய்ந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது. செலவு என்று பார்த்தால், சிறிய பாத்திக்குச் செங்கல்தான் சிக்கனம்; வீடு கட்டி மிஞ்சியதே பெரும்பாலும் போதும். பாதை ஓரத்துக்கென்றே அச்சில் வார்க்கும் சிமென்ட் கெர்ப் கல் ஒரே அளவில் வருவதால் வேலை விரைவில் முடியும். கருங்கல்லுக்கு வண்டி வாடகையும் ஆள் கூலியும் கூடும். ஓரடி நீளமும் முக்கால் அடி உயரமும் அரையடி கனமும் உள்ள ஒரு கல்லே ஏறக்குறைய 27 கிலோ இருக்கும் என்பதால், அதைத் தனி ஆளாகத் தூக்கி நூலுக்கு வைப்பது எளிதன்று.

இத்தனைக்குப் பிறகும் கருங்கல்லை நாடியதற்குக் காரணம் பராமரிப்பு; அதிலும் முக்கியமாக எங்கள் போர்த் தண்ணீர். கோவை நகரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளைத் தவிர்த்துப் பார்த்தால், கொங்குப் பகுதியில் பல தோட்டங்கள் சப்பைத் தண்ணீரில், அதாவது உப்புக் கலந்த தண்ணீரில்தான் வளர்கின்றன. செங்கல் தண்ணீரை உறிஞ்சும் பொருள்; இந்தியத் தர அளவீடே சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காடு வரை நீரை உறிஞ்சலாம் என்று இடம் தருகிறது. பாத்திப் பக்கம் எப்போதும் ஈரமாகவும் நடைபாதைப் பக்கம் வெயிலில் காய்ந்தும் இருக்கும் செங்கலில், ஈரம் உள்ளிருந்து வெளிமுகத்துக்கு நகர்ந்து ஆவியாகிறது. அதோடு வந்த உப்பு அங்கேயே தங்கி, நுண்துளைகளுக்குள் படிகமாகி, செங்கலின் தோலை உள்ளிருந்து தள்ளுகிறது. முதலில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பிறகு விரலால் தேய்த்தாலே செந்தூள் உதிரும். அதன்பின் மேல்பக்கம் பொருக்குப் பொருக்காகப் பெயரும். காவியும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்தாலும் பெயர்கிற பொருக்கோடு வண்ணமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்த முடியாது. ஆகவே செங்கல் ஓரத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். கருங்கல் உறிஞ்சும் நீரோ பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதன் மேல் படியும் உப்பு மேலோடு நின்றுவிடும். தென்னை நாரால் தேய்த்துக் கழுவினால் பெருமளவு போய்விடும்.

இரண்டாவது சோதனை மண்ணிலிருந்து வருகிறது. சூலூர், பல்லடம் பக்கங்களில் செம்மண்ணுக்கு நடுவே கரிசல் திட்டுகள் உண்டு. ஐப்பசி மழையில் ஊதிப் பெருத்து, சித்திரையில் வெடிப்பு விடுகிற கரிசலின் மேல் சிமென்ட் வைத்து இறுக்கிய எந்த ஓரமும் எங்காவது ஓரிடத்தில் விரிசல் காணும். கெர்ப் கல்லுக்குப் பின்பக்கம் கான்கிரீட் அணைப்புக் கொடுத்திருந்தால், ஒரு கல்லைச் சரிசெய்ய அந்த அணைப்பையே உடைக்க வேண்டும். சிமென்ட் இல்லாமல் பதித்த கருங்கல் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். இறங்கிய கல்லைக் கடப்பாரையால் நெம்பி, அடியில் கிரஷர் தூள் கொட்டி, ரசமட்டம் பார்த்து மீண்டும் உட்கார வைத்தால் போதும். கல்லும் சேதமாகாது. பாத்தியை மாற்றியமைக்க நினைத்தாலும் அதே கற்கள் அப்படியே உதவும்.

அடித்தளத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. வாய்க்கால் தோண்டி, அரையடிக்குக் கிராவல் நிரப்பி, நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, அதன் மேல் கிரஷர் தூள் பரப்பி, கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது தரைக்குள் போகும்படி பதிக்க வேண்டும். கல்லின் நல்ல முகம் நடைபாதையைப் பார்க்கட்டும். இடுக்குகளில் சக்கைக் கல்லை (சிறு கல் சில்லுகளை) இறுகத் தட்டிச் செருகினால் ஆட்டம் நிற்கும். மழைத் தண்ணீரும் அந்த இடுக்குகள் வழியே வடிந்துவிடுவதால் மல்லிகை வேரில் நீர் தேங்குவதில்லை. ஆனால் அதே இடுக்கில் கோரை முளைக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. கிழங்கோடு பிடுங்கினால்தான் போகும். அந்த ஒரு வேலையில் கெர்ப் கல் வரிசை கருங்கல்லை வென்றுவிடுகிறது.

கடப்பாக் கல்லைச் செங்குத்தாக நட்டு ஓரம் கட்டுவோரும் உண்டு. அதை மற்றவர் வீடுகளில் பார்த்ததோடு சரி, நாங்கள் பயன்படுத்தியதில்லை. மெல்லிய பலகையாக இருப்பதால் மண்வெட்டி பட்டால் விளிம்பு சில்லாகத் தெறிப்பதை மட்டும் கண்டிருக்கிறேன். முழுச் செம்மண் நிலத்தில் நல்ல தண்ணீர் பாயும் வீடு என்றால் செங்கலை நான் தடுக்க மாட்டேன். அதற்கு முன், ஒரு கறுப்புத் தட்டில் போர்த் தண்ணீரை ஊற்றி வெயிலில் வற்றவிட்டுப் பாருங்கள். அடியில் வெள்ளைப் படலம் தடிப்பாக நின்றால், செங்கலுக்கு ஒதுக்கிய பணத்தோடு வண்டி வாடகையையும் சேர்த்துக் கருங்கல்லுக்கே கொடுத்துவிடலாம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் அஸ்திவாரக் கல்லும், கிணறு வெட்டிய மேட்டில் உடைகல்லும் கிடைக்குமா என்று முதலில் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அந்தச் செலவிலும் ஒரு பகுதி மிஞ்சும்.