மில் சர்வருக்கு நேரம்: டைம்சிங்க்டியா, குரோனியா?

மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி மில்லில் கணக்கு சர்வர், எடைமேடை கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டர் மூன்றும் என் பொறுப்பு. சம்பா அறுவடை நேரம். 9:05-க்கு நெல் லாரியை எடை போட்ட கையோடு கரண்ட் போனது. யுபிஎஸ் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது, நெட் வரவில்லை. லோடு இறக்கிய வண்டியை எடை போட்டால் சீட்டில் 9:14!

"ஒம்போது நிமிஷத்துல ஒரு லாரி நெல்ல எறக்கிட்டாங்களா தம்பி?" என்றார் கணக்கப்பிள்ளை.

கரண்ட் இல்லாதபோதும் சர்வரின் கடிகாரத்தை ஓட வைக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது. சர்வரில் இருக்கும் உபுண்டு லினக்ஸோடு வந்த, நெட்டிலிருந்து நேரத்தை வாங்கிக் கடிகாரத்தைச் சரிசெய்யும் டைம்சிங்க்டி மென்பொருள், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து கடிகாரத்தை ஓட்டிவிட்டது. பேட்டரியை மாற்றாமல் எந்த மென்பொருளுக்குப் போனாலும் இதே கதைதான்.

தனி கம்ப்யூட்டர் ஒன்றுக்கு டைம்சிங்க்டி போதும். இதே வேலைக்கான பழைய மென்பொருள் என்டிபிடியை நான் சில மாதம்தான் ஓட்டியிருக்கிறேன். ஒரு நொடி பிசகை மெல்லச் சரிசெய்ய அதற்கு 33 நிமிடம் ஆகும். இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான குரோனிக்கு 12 நொடி போதும். ரெட் ஹாட் லினக்ஸ் 8-லேயே என்டிபிடியை எடுத்துவிட்டார்கள்.

நான் குரோனிக்கு மாறியதற்குக் காரணம் வேகம் இல்லை, நெட் அறுந்து கிடக்கும் நாட்கள்தான். கஜா புயல் சமயத்தில் இங்கே எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை. டைம்சிங்க்டி நேரத்தை வாங்கிக்கொள்ளும், மற்ற கருவிகளுக்குத் தராது. குரோனி தரும். அதன் அமைப்புக் கோப்பில் 'அலவ்' வரியில் மில்லின் உள்நெட்வொர்க்கை எழுதி, 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10' என்று ஒரு வரி சேர்த்தால், வெளித் தொடர்பே இல்லாவிட்டாலும் மூன்று கருவிகளும் ஒரே நேரத்தைக் காட்டும். நம் கடிகாரம் எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பதையும் குரோனி கற்று வைத்திருப்பதால், நெட் இல்லாத நாட்களிலும் அதிகம் விலகாது. சீட்டும் கேமராவும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருந்தாலே வியாபாரிகளோடு வரும் பாதித் தகராறு தீரும்.

நேரத்தை வாங்கும் மூலத்துக்கு, மத்திய அரசின் தேசிய தகவலியல் மையமான என்ஐசியின் சமய் சர்வர்கள், அப்புறம் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவும் இவற்றைத்தான் சொல்கிறது. நேரத் தகவல் வந்துபோகும் யுடிபி 123 போர்ட்டைத் திறக்க மறந்து அரை நாள் வீணடித்தேன், நீங்கள் மறக்காதீர்கள். ரெக்கார்டர் மட்டும் நாளுக்கு ஒருமுறைதான் நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை 60 நிமிடமாக்கினேன்.