“வேரோடு எடுத்துடலாம் தம்பி” என்றவர்களிடம் 18,500 ரூபாய் கொடுத்துவிட்டு எழுதுகிறேன்

நேற்று ராத்திரிதான் அந்த எண் என்னை பிளாக் செய்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் வெட்கம் வந்துவிடும், அப்புறம் எழுத மாட்டேன். பெயர் போடவில்லை. வீடியோ விளம்பரம் போட்டு, போனிலேயே பேசி, கூரியரில் மூலிகை அனுப்பும் கூட்டம் என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு வந்தது பிறப்புறுப்பு ஹெர்பிஸ், உடலுறவில் தொற்றும் வைரஸ் நோய். முதலில் எரிச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டியது. இரண்டு நாளில் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள், உடைந்து புண். மனைவி வளைகாப்பு முடிந்து அப்போதுதான் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தோல் டாக்டர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். அசைக்ளோவிர் எழுதிக் கொடுத்து, “முழுசாப் போகாது, அப்பப்போ வரும், பயப்பட வேண்டாம்” என்று தலை நிமிராமலே சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். ‘முழுசாப் போகாது’ மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு அந்த விளம்பரத்தில் நம்பரைக் கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டார். “கூச்சப்படாதீங்க தம்பி, அக்கா மாதிரி நினைச்சுச் சொல்லுங்க. இது உங்க தப்பு இல்ல.” அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் விழுந்தேன். காலையிலிருந்து யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்றிருந்தது எனக்கு. முக்கால் மணி நேரம் பேசினார். “இது அக்கிதான் தம்பி. ரத்தத்துல இருக்கிற விஷம். இங்கிலீஷ் மருந்தை நிறுத்துங்க, வேரோடு எடுத்துடலாம்.” முதல் டப்பா 6,500. மூன்றாம் நாளே டாக்டரின் மாத்திரையை நிறுத்தினேன்.

பத்தாம் நாள் புண் ஆறியது. நான் அழுதேவிட்டேன். ஆனால் இந்த நோயின் குணமே அதுதான். எதுவும் சாப்பிடாவிட்டாலும் புண் தானாக ஆறிவிடும். வைரஸ் முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும், பிறகு ஒருநாள் எழுந்து வரும். நடுவில் சும்மா இருக்கும் நாட்களைத்தான் இவர்கள் நமக்கு விற்கிறார்கள்.

அடுத்து ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள், ஐஜிஎம். நெகட்டிவ் வந்தது. “பாருங்க தம்பி, போயிடுச்சு. திரும்ப வராம இருக்க இன்னொரு கோர்ஸ்.” 12,000. மொத்தம் 18,500. அந்த ஐஜிஎம் முடிவை வைத்து ஹெர்பிஸ் இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு கட்டவே கூடாதாம். புண் இருக்கும்போது அதிலிருந்தே நீர் எடுத்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் பரிசோதனைதான் நம்பகமானது. இதெல்லாம் பணம் போன பிறகு தெரிந்துகொண்டது.

போன வாரம் அதே இடத்தில் அதே ஊறல். கூப்பிட்டேன். இந்த முறை அக்கா இல்லை, ஒரு ஆள். “பத்தியம் இருந்தீங்களா? கருவாடு சாப்பிட்டீங்களா?” ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டேன் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். “அப்ப நீங்களே கெடுத்துக்கிட்டீங்க.” மறுநாள், “டாக்டர் வெளியூர்ல.” அதற்கு மறுநாள், “மூணாவது கோர்ஸ் எடுத்தா பாதி விலை.” போலீசுக்குப் போவேன் என்றதும் சிரித்தார். “போங்க சார். என்ன நோய்னு எழுதிக் கொடுப்பீங்க?”

அந்த ஆத்திரத்தில் டப்பாவின் லேபிளை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு லேபிள். மூலத்துக்கான சூரணம் என்று போட்டிருந்தது.

பணத்தைவிட வயிற்றைக் கலக்குவது வேறொன்று. “இனி வீட்டம்மாகிட்ட பயமில்லாம இருக்கலாம்” என்று எனக்கு உறுதி கொடுத்திருந்தார்கள். அவளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால் பிறக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, அவள் ஊரில் இருந்தாள். நேற்று முன்தினம் போய் அவளிடமும் பிரசவ டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பல பேருக்கு வருடக்கணக்கில் அறிகுறியே இருக்காது என்று அவளிடமே விளக்கினார். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 15 முதல் 49 வயதுக்குள் மட்டும் 50 கோடிப் பேருக்கு மேல், பிறப்புறுப்பில் அதிகம் வரும் இரண்டாம் வகை ஹெர்பிஸ் இருக்கிறதாம். அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

இப்போது மறுபடி அசைக்ளோவிர். ஐந்து நாளைக்கு 300 ரூபாய்கூட ஆகவில்லை. நான் விட்டது 18,500.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேனே. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாக. வேரோடு எடுக்கும் மருந்து எதிலும் இல்லை, எவன் சொன்னாலும் போனை வையுங்கள். மாத்திரை வைரஸை ஒழிக்காது, அடக்கி வைக்கும். ஊறல் தொடங்கியதுமே போட்டால்தான் நல்ல பலன். அடிக்கடி வந்தால் தினசரி மாத்திரை உண்டு, டாக்டரைக் கேளுங்கள். புண் இருக்கும்போது உறவு வேண்டாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுசாகத் தடுக்காது. பெரிய அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். பால்வினை நோயைக் குணமாக்குவதாக இப்படி விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். ஆன்லைனில் பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள். நான் இன்று காலைதான் போட்டேன். என்ன நோய் என்று அவர்கள் கேட்கவே இல்லை.