படித்துக் காட்டுவதா, படிக்கச் சொல்லிக் கேட்பதா?

வேலை முடிந்து வீடு திரும்பும் பெற்றோருக்குக் குழந்தையின் வாசிப்புக்கென்று கிடைக்கும் நேரம் பெரும்பாலும் கால் மணிதான். அந்த நேரத்தில் கதை படித்துக் காட்டுவதா, குழந்தையைப் படிக்கச் சொல்லி அருகில் இருந்து கேட்பதா என்று கேட்டால், இரண்டும் நல்லதுதான் என்ற பதிலே வழக்கமாகக் கிடைக்கிறது. இரண்டும் வளர்ப்பவை வெவ்வேறு திறன்கள் என்பதால், அந்தப் பதில் யாருக்கும் வழிகாட்டுவதில்லை.

வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்த பெருக்கல் என்று 1986இல் காஃப், டன்மர் ஆகிய ஆய்வாளர்கள் விளக்கினர். கூட்டல் இல்லை, பெருக்கல். ஆகவே ஒன்று சுழியானால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை சுழிதான்.

படித்துக் காட்டுதல் இந்த இரண்டாவது திறனுக்கு உரமிடுகிறது. வீட்டில் 'வந்துட்டிருந்தான்' என்று மட்டுமே கேட்டு வளரும் குழந்தையின் காதில் 'வந்துகொண்டிருந்தான்' என்ற வடிவம் முதலில் விழுவது பெரும்பாலும் கதை கேட்கும்போதுதான். இடையிடையே 'இப்போ அது என்ன செய்யும்னு நினைக்கிறே?' என்பது போன்ற கேள்விகளைக் கேட்டுப் படித்தால் பலன் கூடுகிறது. கிரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மார்கள் இம்முறையில் படித்த ஒரே மாதத்தில் இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பேச்சுத்திறன் முன்னேறியிருந்தது. ஆனால் படக்கதை கேட்கும் சிறு குழந்தையின் கண்கள் பெரும்பாலும் படத்தில்தான் நிலைக்கின்றன. அதனால் எத்தனை கதை கேட்டாலும் எழுத்து தானாகப் படிந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்த வேலையைச் செய்வது குழந்தை படிக்க நாம் கேட்பது. லண்டனின் ஹாரிங்கே பகுதியில் நடந்து 1982இல் வெளியான ஆய்வில், புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று பெற்றோரிடம் படித்துக் காட்டிய குழந்தைகள், பள்ளியில் ஆசிரியரிடம் கூடுதல் பயிற்சி பெற்றவர்களைவிட நன்றாக முன்னேறினர். அந்தப் பெற்றோரில் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் இருந்தனர் என்பதை, தமக்குப் படிப்பறிவு போதாது என்று தயங்கும் ஒவ்வொரு தாயிடமும் தந்தையிடமும் சொல்ல வேண்டும்.

கேட்கும் விதம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 'தோணி' என்று அச்சிட்டிருக்க, குழந்தை படத்தைப் பார்த்துப் 'படகு' என்று படித்தால் பொருள் பிசகவில்லை, எழுத்து வாசிக்கப்படவும் இல்லை. உடனே 'தப்பு' என்று சரியான சொல்லை எடுத்துக் கொடுப்பதைவிட, ஐந்து விநாடி பொறுத்து, விரலை அந்தச் சொல்லின் அடியில் வைத்து, 'முதல் எழுத்தைப் பாரு கண்ணா' என்பது மேல். 'தொணி' என்று திரும்பவும் தடுமாறினால், கொம்பு ஒற்றையா இரட்டையா என்று கவனிக்கச் சொன்னால் போதும். அப்படித் தானே கண்டுபிடித்த எழுத்து எளிதில் மறப்பதில்லை.

எழுத்துக்கூட்டும் பருவத்தில் நேரம் குறைவாக இருந்தால் குழந்தை படிக்க நாம் கேட்பதற்கே நான் முதலிடம் தருவேன். செனெஷால், யங் இருவரும் 2008இல் 16 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோதும், தொடக்க வகுப்புக் குழந்தைகளின் வாசிப்புத்திறனுக்குப் படித்துக் காட்டுவதைவிடக் கேட்பதும், அதைவிட எழுத்தையும் ஒலியையும் நேரடியாகப் பயிற்றுவிப்பதும் கூடுதல் பலன் தந்திருந்தன. பள்ளிக்குப் போகாத பருவத்தில் மட்டும் என் விடை தலைகீழ்.

வரிக்கு வரி திணறி, புத்தகத்தைக் கண்டாலே அழும் குழந்தைக்கு இரண்டுமே பாரமாகிவிடும். சேர்ந்து வாசிப்பதே அங்கு ஏற்றது. பெற்றோரும் குழந்தையும் ஒரே குரலாகப் படிக்கத் தொடங்குவார்கள். தைரியம் வந்ததும் குழந்தை மெல்லத் தட்டிக் காட்ட, பெரியவர் நிறுத்திக்கொள்வார். தடுமாறினால் சில விநாடி பொறுத்துச் சொல்லை எடுத்துக் கொடுத்து மீண்டும் சேர்ந்துகொள்வார்.

சரளமாகப் படிக்கத் தொடங்கியதும், 'இனி நீயே படி' என்று படித்துக் காட்டுவதை நிறுத்திவிடும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. எட்டு வயதுக் குழந்தை கேட்டுப் புரிந்துகொள்ளும் கதை, தானே படிக்கக்கூடிய கதையைவிடக் கடினமானதாக இருக்க முடியும். எளிய புத்தகத்தைக் குழந்தை நமக்குப் படிக்கட்டும். அதற்கு எட்டாத புத்தகத்தை நாம் படித்துக் காட்டுவோம்.