பாய்மரக் கம்பிகளை மாற்றித் தருவோரிடம் பணம் கொடுக்கும் முன்: ஓர் எச்சரிக்கை

ஒன்ராறியோ ஏரியில் சிறிய பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள், இந்த வசந்தத்தில் பாய்மரத்தை நிறுத்திக் கம்பிகளைச் சீர்செய்யும் வேலையை வெளியாரிடம் கொடுக்க எண்ணியிருந்தால், முதலில் இதை வாசித்துவிடுங்கள். கடந்த மே மாதம் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் ஒரு நிறுவனம் எட்டுக் கம்பிகளுக்கும் என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு நான்கை மட்டுமே மாற்றியது. பாய்மரத்தையும் கோணலாக நிறுத்திவிட்டு, கம்பிகளின் இறுக்கம் இரு பக்கமும் ஒன்றே என்று காட்டி, எல்லாம் சரியாக உள்ளதென்று கையெழுத்திட்ட அளவுத்தாள் ஒன்றையும் தந்தது.

என்னுடையது பழைய கட்டலினா 22. இந்தப் படகில் பாய்மரம் மேல்தளத்தின் மீதே நிற்கிறது. உள்ளே அடித்தளம் வரை இறங்குவதில்லை. ஆகவே அதை நிமிர்த்தி வைத்திருப்பவை கம்பிகள் மட்டுமே: முன்னும் பின்னும் ஒவ்வொன்று, இரு பக்கமும் உச்சிக்குப் போகும் மேற்கம்பி ஒவ்வொன்று, பாய்மரத்தின் நடுப்பகுதியைப் பிடிக்கும் கீழ்க்கம்பி பக்கத்துக்கு இரண்டு. குளிர்காலத்துக்கு முன் படகுகளைக் கரையேற்றும்போது பாய்மரத்தை இறக்கி வைப்பதால், ஒவ்வோர் ஆண்டும் இந்த வேலை புதிதாகத் தொடங்குகிறது. எல்லாப் படகுகளும் ஒரே சில வாரங்களுக்குள் தண்ணீருக்கு வர அவசரப்படும் அந்த நெரிசலில், செய்த வேலையை நின்று பார்ப்பதற்கு யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இத்தகைய நிறுவனங்கள் நம்பியிருப்பது அதைத்தான்.

முதல் முறை நல்ல காற்றில் ஓடியபோதே வேறுபாடு தெரிந்தது. ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகையில் படகு காற்று வரும் திசையை நெருங்கிச் சென்றது. மறுபக்கம் திரும்பினால் அந்த நெருக்கம் வரவே இல்லை. தளத்தில் படுத்து, பாயின் விளிம்பு செல்லும் பள்ளத்தின் வழியே மேலே பார்த்தபோது, பாய்மரத்தின் உச்சி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பெரிய பாயை ஏற்றும் கயிற்றில் உருக்கு அளவுநாடாவைக் கட்டி உச்சிக்கு ஏற்றி, இரு பக்கமும் மேற்கம்பி தளத்தில் பொருந்தும் இடம் வரை அளந்தேன். இரண்டு அளவும் சமமாக இருக்க வேண்டும். இடப்பக்க அளவு கண்ணுக்குத் தெரியுமளவு கூடியிருந்தது. காரணமும் அங்கேயே தெரிந்தது. இடப்பக்கப் புதிய மேற்கம்பியை நீளமாக வெட்டிவிட்டார்கள். அதன் அடியில் கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் உள்ள திருகான டர்ன்பக்கிள் முழுவதும் முறுக்கி முடிந்து, இனி இறுக்க இடமே இல்லாமல் நின்றது. மீதி இறுக்கத்தை வலப்பக்கத்தில் எடுத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் அளவுத்தாளில் இரு பக்கமும் ஒரே எண் எப்படி வந்தது? இதைப் படகு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் புரிந்துகொள்ள வேண்டும். எதிரெதிரே இழுக்கும் இரண்டு மேற்கம்பிகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. ஒன்றை இறுக்கினால் மற்றதிலும் இழுவிசை ஏறும். எனவே பாய்மரம் சாய்ந்து நின்றாலும் லூஸ் கேஜ் என்னும் அளவுகருவி இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். அது இறுக்கத்தை அளக்கும் கருவி. நேராக நிற்கிறதா என்பதை அதனால் சொல்ல முடியாது. அந்தத் தாளை மட்டும் காட்டிப் பணம் கேட்பவர் வேலையில் பாதியைக்கூடக் காட்டவில்லை.

கீழ்க்கம்பிகளில் நடந்தது அதைவிட மோசமானது. நான்கையும் புதிதாக மாற்றியதாகப் பற்றுச்சீட்டு சொல்கிறது. ஆனால் ஒன்றின் அடியில், கம்பி உலோக முனைக்குள் நுழையும் இடத்தில், பத்தொன்பது இழைகளில் ஒன்று அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பழைய துருக்கறையும் இருந்தது. முனைகளைப் பளபளவென்று தேய்த்துவிட்டுப் பழைய கம்பிகளையே மாட்டியிருக்கிறார்கள். இரண்டு டர்ன்பக்கிள்களில், திருகு தானாகக் கழன்றுவிடாமல் தடுக்கும் கொட்டர் பின்னே இல்லை. வெள்ளை நாடாவைச் சுற்றி மறைத்திருந்தார்கள். காற்றில் அதிர்ந்து அதிர்ந்து அந்தத் திருகு கழன்றால் பாய்மரம் ஆட்களின் மேல் விழும். பணம் போனதைவிட எனக்குக் கோபம் தந்தது இதுதான், ஏனெனில் படகில் என்னோடு பிள்ளைகளும் வருவார்கள்.

பின்னர் வேறொரு ரிக்கர், அதாவது பாய்மரக் கம்பி வேலை செய்பவர், என் கண் முன்னாலேயே இதைச் சரிசெய்தார். கம்பிகளையெல்லாம் தளர்த்தி, அளவுநாடாவால் உச்சியை நடுவுக்குக் கொண்டுவந்து, பாய் ஏற்றும் கயிற்றில் எடை தொங்கவிட்டுப் பின்சாய்வைப் பார்த்து, மேற்கம்பிகளை இரு பக்கமும் எண்ணி எண்ணிச் சம சுற்றுகளாக இறுக்கிய பிறகே கீழ்க்கம்பிகளைத் தொட்டார். 1/8 அங்குலத் தடிப்புள்ள, 304 ரகத் துருப்பிடிக்கா உருக்குக் கம்பி ஏறக்குறைய 2,100 இறாத்தலில் அறுந்துவிடும் என்பதால், மேற்கம்பியில் அதன் 15 சதவீதத்தை, அதாவது 315 இறாத்தலைத் தாண்டவில்லை. மிகையாக இறுக்கினால் மேல்தளம் பாய்மரத்தின் அடியில் அமுங்கத் தொடங்கும் என்றார். கரையில் இவ்வளவும் முடிந்தும் வேலை முடியவில்லை. ஏரிக்குப் போய்ப் படகை 15 முதல் 20 பாகை சாய்த்து ஓட்டி, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க மேற்கம்பி சற்றே நெகிழ்கிறதா, தொளதொளவென்று ஆடுகிறதா என்று பார்த்து, படகைத் திருப்பி மறுபக்கமும் அவ்வாறே பார்த்துத் திருத்தினார். கொட்டர் பின்களைப் போட்டுக் காட்டிய பிறகே பணம் கேட்டார்.

ஆகவே, கழற்றிய பழைய கம்பிகளை உங்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதையும், நாடா சுற்றும் முன் ஒவ்வொரு டர்ன்பக்கிளையும் நீங்கள் பார்ப்பீர்கள் என்பதையும், தண்ணீரில் ஓட்டிப் பார்த்த பின்பே மீதிப் பணம் என்பதையும் மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதியிருந்தால், அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் அறவிட முடியாது. இந்த நிறுவனம் அதையும் மீறியிருந்தது.

படங்களையும் இரண்டாவது ரிக்கரின் அறிக்கையையும் அவர்களுக்கு அனுப்பியுள்ளேன். இலவசமாக மீண்டும் இறுக்கித் தருவதாக மட்டும் பதில் வந்தது. நான்கு கீழ்க்கம்பிகளுக்கான பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் அதை மறுத்துவிட்டு, மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு செய்திருக்கிறேன்.