முள் நடுவிலேயே நின்றது, எஞ்சின் வெந்தது: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய கார் வைத்திருப்பவர்கள் வெயில் உச்சிக்கு ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளை நம்பித்தான் நான் வண்டி ஓட்டினேன். அந்த முள் பொய் சொல்லும்படி வேண்டுமென்றே செய்து வைத்திருந்தார்கள். அது தெரியவந்த நாளில் பின் இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா உட்கார்ந்திருந்தார்.

என் காருக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. கார்புரேட்டர் எஞ்சின், பெல்ட்டில் சுழலும் விசிறி, பித்தளை ரேடியேட்டர். சென்ற கோடையின் தொடக்கத்தில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. சாலையில் ஓடும்போது முள் நடுவில் அசையாமல் இருக்கும். நெரிசலில் ஊர்ந்தால் பத்து நிமிடத்தில் சிவப்பை நோக்கி ஏறும். மறுபடி வேகம் எடுத்தால் இறங்கிவிடும். பட்டறையில் இதை அப்படியே சொன்னேன். இந்த ஒரு விவரமே கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

வண்டி வேகமாகப் போகும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். நிற்கும்போது அந்தக் காற்றை விசிறிதான் இழுத்துத் தர வேண்டும். ஆகவே நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதலில் விசிறியைப் பார்க்க வேண்டும். திறந்த சாலையில் வேகமாகப் போகும்போதே முள் ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, உள்ளுக்குள் சுருங்கிக்கொள்ளும் கீழ் ஹோஸ் என்ற ரப்பர் குழாய், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றின் மேல் சந்தேகம் திரும்ப வேண்டும்.

பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்தார், ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “பழைய வண்டி சார், வெயில் காலம். அப்படித்தான் இருக்கும். ரேடியேட்டர் போய்விட்டது, புதிது போட வேண்டும்” என்றார். நான் தலையாட்டினேன். பழைய வண்டி, வெயில் காலம் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் நம்மில் பெரும்பாலோர் அதற்கு மேல் கேள்வி கேட்பதில்லை. அவர்கள் அதைத்தான் நம்பித் தொழில் செய்கிறார்கள்.

மூன்று நாட்கள் கழித்து வண்டி வந்தது. ரேடியேட்டர் கறுப்பாகப் பளபளத்தது. தண்ணீரோடு கலந்து ஊற்றும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட் புதிதாக ஊற்றியதாகவும் ரசீதில் இருந்தது. முள் நடுவுக்குக் கீழேயே நின்றது, நெரிசலிலும் ஏறவில்லை. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு நண்பர்களுக்கு அந்தப் பட்டறையைப் பரிந்துரைக்கவும் செய்தேன். அவர்களிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த வாரம் நண்பகலில் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நெடிய நெரிசல். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, முள் நடுவில் இருந்தது. முதலில் பாதத்தின் அருகே தரை சுட்டது. பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சினிலிருந்து சலங்கை குலுங்குவதுபோல ஒரு தட்டல் ஓசை வந்தது. வண்டியின் இழுவை குறைந்தது. இவை மூன்றும் எஞ்சின் கொதிக்கிறது என்பதற்கான அறிகுறிகள். ஆனால் நான் ஒவ்வொரு முறையும் முள்ளைப் பார்த்தேன், அது நடுவில் இருந்தது, நான் தொடர்ந்து ஓட்டினேன். என் காதையும் காலையும் விட அந்த முள்ளை நம்பினேன். உண்மை தெரிந்திருந்தால் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்திருப்பேன். கோடையில் ஹீட்டரா என்று தோன்றும். ஹீட்டர் என்பது எஞ்சின் சூட்டின் ஒரு பகுதியை வண்டிக்குள் கொட்டும் இன்னொரு சிறிய ரேடியேட்டர்தான். ஒதுங்க இடம் கிடைக்கும் வரை அது எஞ்சினைக் காப்பாற்றக்கூடும். ஜன்னல்களை இறக்கிவிட்டு அந்த அனலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பானெட்டின் இடுக்கிலிருந்து நீராவி பீறிட்டபோதுதான் நிறுத்தினேன். அப்போதும் முள் சிவப்பைத் தொடவில்லை. அம்மா தலை சுற்றுகிறது என்றார். முகம் சிவந்து, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொன்னார். அவரைக் கைத்தாங்கலாக ஒரு மர நிழலுக்குக் கொண்டுபோய், துணியை நனைத்துக் கழுத்திலும் கையிலும் ஒற்றிக்கொண்டே இருந்தேன். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரிவதில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் கொடுக்க வேண்டும். பேச்சு குழறத் தொடங்கினால் காத்திருக்கவே கூடாது, மருத்துவ உதவி தேவை. அந்த அரை மணி நேரம் வண்டியைப் பற்றிய நினைவே எனக்கு இல்லை.

பிறகு வண்டியிடம் வந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். வழியில் போன ஒருவர் உரக்கக் கத்தித் தடுத்தார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மூடிக்குள் இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர். திறந்த கணத்தில் அது முகத்தில் பாயும். எஞ்சின் நன்றாக ஆறும் வரை மூடியைத் தொடக் கூடாது. கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடவும் கூடும்.

இழுவை வண்டியில் வேறொரு மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தோம். வயதில் பெரியவர், பேச்சு குறைவு. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “நீராவி வந்தபோது இனிப்பு வாடை அடித்ததா?” என்றார். இல்லை என்றேன். “அப்படியானால் உள்ளே கூலன்ட் இல்லை, வெறும் தண்ணீர்” என்றார். வடித்துப் பார்த்தபோது துரு நிறத்தில் தண்ணீர்தான் வந்தது. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. அதன் விளைவையும் அவரே விளக்கினார். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து, 15 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் உள்ளே இருப்பது கொதிக்க 129 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். தளர்ந்த மூடியின் கீழ் இருக்கும் வெறும் தண்ணீருக்கு 100 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே போதும். கோடையில் ஒரு பழைய எஞ்சினைக் காப்பாற்றுவது அந்த இடைவெளிதான். அதைத்தான் என்னிடமிருந்து எடுத்திருந்தார்கள்.

அடுத்து ரேடியேட்டரின் மேல் தொட்டியை ஓர் ஓரத்தில் சுரண்டினார். கறுப்பு வண்ணத்துக்கு அடியில் ஒரு ஈயப் பற்று தெரிந்தது. அந்தப் பற்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆறு ஆண்டுகளுக்கு முன் நானே அருகில் நின்று வைத்தது. புதிய ரேடியேட்டர் என்று என்னிடம் பணம் வாங்கியது என்னுடைய ரேடியேட்டருக்குத்தான்.

எஞ்சின் சூடாகும் வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, பிறகு திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இருந்த இடம் காலியாக இருந்தது. வெயில் காலத்தில் அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். என் எஞ்சினின் அமைப்பில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் குறுக்குவழியை அதுவே அடைக்கிறது. கழற்றிவிட்டால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே எஞ்சினுக்குத் திரும்பிவிடும்.

இதற்குப் பிறகும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. இத்தனை சூட்டிலும் முள் ஏன் ஏறவில்லை? எஞ்சின் சூட்டை அளந்து முள்ளுக்குச் சொல்லும் சென்சாரிலிருந்து அவர் வயரைக் கழற்றி, ஒரு நொடி எஞ்சினின் உலோகத்தில் தொட்டார். ஒற்றை வயர் சென்சார் உள்ள பல பழைய கார்களில் அப்படித் தொட்டால் முள் கடைசி வரை பாய வேண்டும். எங்கள் முள் முக்கால் தூரம்கூடப் போகவில்லை. வயரைத் தடவிக்கொண்டே போனார். கறுப்பு நாடா சுற்றிய ஓர் இடத்தைப் பிரித்தபோது, அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை தரும் சிறு பாகம், உள்ளே இருந்தது. சூடு ஏற ஏறச் சென்சாரின் மின்தடை குறையும், அதை வைத்துத்தான் முள் நகரும். நடுவில் ஒரு தடையைச் செருகிவிட்டால், எவ்வளவு கொதித்தாலும் முள்ளுக்குக் குறைவாகவே தெரியும். கோளாறைச் சரிசெய்யாமல், கோளாறு ஓட்டுநர் கண்ணில் படாமல் மட்டும் செய்திருக்கிறார்கள். ஏமாற்றிப் பணம் வாங்கியதை ஒருவேளை என்னால் மறக்க முடியும். இதை முடியாது.

உண்மையான கோளாறு, எஞ்சினின் சுழற்சியை விசிறிக்குக் கடத்தும் கப்ளிங். அதற்குள் இருக்க வேண்டிய சிலிக்கோன் எண்ணெய் கசிந்துபோய், எஞ்சின் சுழன்றாலும் விசிறி பிடிப்பில்லாமல் சோம்பிச் சுற்றிக்கொண்டிருந்தது. சூடான எஞ்சினை நிறுத்திய பிறகு விசிறியைக் கையால் தள்ளினால் தடையே இல்லாமல் சுற்றுவதை அவர் காட்டினார். முதல் நாளே இதைப் பார்த்திருந்தால் ஒரு கப்ளிங்கோடும் ஒரு மூடியோடும் முடிந்திருக்கும். இப்போது எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வெந்து, ஹெட்டைக் கழற்றிக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ரெசிஸ்டரை எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். அது தாங்கள் வைத்ததல்ல என்றார்கள். ரசீதைக் காட்டினேன். அதில் ‘ரேடியேட்டர் வேலை’ என்று மட்டுமே எழுதியிருந்தது, ‘புதிய’ என்ற சொல்லே இல்லை. கிளம்பும்போது மறுபடியும் அதே வாக்கியம்: “பழைய வண்டி சார்.” பணம் திரும்பவில்லை.

நான் செய்யத் தவறியவற்றை நீங்கள் செய்யுங்கள். வண்டியை விடும் முன் ரேடியேட்டர், பம்ப், கம்ப்ரசர் என்று மாற்றப்போவதாகச் சொல்லும் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, ஓரத்தில் ஒரு சிறு கீறல் போட்டு வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ரசீதில் புதியதா, பழுது பார்த்ததா என்று எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிவிட்டு, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் விலகி நின்று, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் சில நிமிடங்கள் ஹோஸ் பெரிதாகச் சூடேறாமல் இருந்துவிட்டு, பிறகு சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் கழற்றப்பட்டிருக்கலாம், அல்லது திறந்தபடி சிக்கியிருக்கலாம்.

இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இவற்றிலும் வெயிலைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். ஆண்டுதோறும் ஏசிக்கு கேஸ் நிரப்பச் சொன்னால் கசிவு எங்கே என்று கேளுங்கள். கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை, கசிந்தால்தான் குறையும். அடுத்து, கார்புரேட்டர் வண்டி வெயிலில் சற்று நேரம் நின்றபின் கிளம்ப மறுத்தால், பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று உடனே மாற்றச் சொல்வார்கள். எஞ்சின் சூட்டில் குழாயிலுள்ள பெட்ரோலே ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம். பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஆறவிட்டு, பம்பின் மேல் ஈரத் துணி போட்டுப் பாருங்கள். அதன்பின் கிளம்பினால் பம்ப்பை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

பெரியவர் புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்தும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வைத்து, 82 டிகிரியை நெருங்கும்போது அது வாய் திறப்பதை எனக்குக் காட்டினார். நான் கேட்கவே இல்லை, அவராகவே காட்டினார். வண்டி இப்போது நண்பகல் நெரிசலிலும் கொதிக்காமல் நிற்கிறது. அம்மா இன்னும் அதில் ஏறவில்லை.